ஹேர்கட் சரி, கத்தரி யார் கையில்?

ஆங்கில வணிகச் செய்திகளில் ஒரு பூனை உண்டு. செத்த பூனை. பங்குச்சந்தை நாலு நாள் தொடர்ந்து விழுந்துவிட்டு ஐந்தாம் நாள் லேசாகத் தலைதூக்கினால் அதற்கு 'டெட் கேட் பவுன்ஸ்' என்று பெயர். செத்த பூனையைக்கூட மாடியிலிருந்து போட்டால் தரையில் பட்டு ஒரு துள்ளு துள்ளும், அதைப் பார்த்து உயிர் வந்துவிட்டது என்று நம்பிவிடாதே என்பது அர்த்தம். 1985-இல் சிங்கப்பூர், மலேசியச் சந்தைகள் விழுந்து கொஞ்சம் எழுந்தபோது ஃபைனான்சியல் டைம்ஸ் செய்தியில் இது வந்தது. அச்சில் ஏறிய ஆரம்ப காலத்துப் பூனைகளில் அதுவும் ஒன்று. ரூம் போட்டு யோசிப்பார்கள் போல!

சரி, இதை முதன்முறையாகப் படிக்கும் ஒரு பி.காம். மாணவர் என்ன கேட்பார்? "சார், எதுக்கு சார் பூனை? யார் சார் அதைத் தூக்கிப் போட்டது?" வகுப்பு சிரிக்கும். சார் சிரிக்க மாட்டார். "டெம்பரரி ரெகவரி. எழுதிக்கோ. அடுத்தது."

இந்த 'அடுத்தது' இருக்கிறதே, அதுதான் இங்கே பிரச்சினை.

நம் ஊரில் ஆங்கில உருவகம் என்றால் ஒரு பட்டியல். இடது பக்கம் இடியம், வலது பக்கம் மீனிங். ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்கள் எல்லாவற்றிலும் பூனையும் நாயும் மழையாகப் பெய்துகொண்டே இருக்கும், யாராவது ஒருவர் வாளியை உதைத்துச் செத்துக்கொண்டே இருப்பார். இதையெல்லாம் மனப்பாடம் செய்து முடித்த மாணவர் ஒரு ஆங்கில பிசினஸ் பத்திரிகையைப் பிரித்தால், அங்கே மழையும் இல்லை, வாளியும் இல்லை. ஹேர்கட் இருக்கிறது, பாய்சன் பில் இருக்கிறது, எவர்கிரீனிங் இருக்கிறது, சாஃப்ட் லேண்டிங் இருக்கிறது. முடிதிருத்தும் கடை, மருந்துக் கடை, தோட்டம், ஏர்போர்ட் எல்லாம் ஒரே பக்கத்தில். உடனே அதற்கும் ஒரு பட்டியல் தயார் பண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். ஹேர்கட் என்றால் மதிப்புக் குறைப்பு. ரெண்டு மார்க்.

பட்டியலில் தப்பு ஏதும் இல்லை, மீனிங் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் 'ஏன் முடி?' என்று கேட்ட வாயை அது மூடிவிடுகிறது. அந்தக் கேள்வி ஆங்கிலம் தெரியாதவன் கேட்கும் மொக்கைக் கேள்வி என்று வகுப்பே முடிவு கட்டிவிடுகிறது. உண்மையில் அந்த வகுப்பில் அந்த நாளில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

ஏன் என்று பார்ப்போம். அதற்கு முன், ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழைக் கற்றுக்கொள்ள வந்த ஒரு வெளிநாட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். 'ஏமாற்றினான்' என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொற்களை அவரிடம் கொடுங்கள். நாமம் போட்டான். மொட்டை அடித்தான். காது குத்தினான். காதில் பூ சுற்றினான். அல்வா கொடுத்தான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: "இதெல்லாம் கோயிலிலும் குடும்ப விசேஷத்திலும் செய்வதாச்சே? அதெப்படி எல்லாமே ஏமாற்றுவதற்கு ஆகிவந்தது?" யோசித்துப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும். மொட்டை, காதுகுத்து, நாமம், பூ, கடைசியில் ஸ்வீட். முழு விசேஷமும் நடந்து முடிந்துவிட்டது! பிறந்ததிலிருந்து இதைப் பேசிக்கொண்டிருக்கும் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்போம்? நமக்குச் சொல் கண்ணாடி மாதிரி, அதன் வழியாக நேரே அர்த்தத்தைப் பார்த்துவிடுகிறோம். வெளியிலிருந்து வருபவருக்குத்தான் கண்ணாடியில் வரைந்திருக்கும் படம் தெரிகிறது.

ஆங்கிலத்தின் முன்னால் நிற்கும் தமிழ் மாணவருக்கும் அந்த இடம்தான் வாய்த்திருக்கிறது. அவருக்குப் படம் தெரிகிறது. தெரிவதை மறைத்துவிட்டு மீனிங்கை மட்டும் பார் என்று பழக்குவதற்குப் பெயர் ஆங்கிலப் பயிற்சி!

படத்தைப் படிக்கக் கருவி ஏதும் இல்லையா என்றால், இருக்கிறது. பள்ளிக்கூடத்திலேயே கொடுத்துவிட்டார்கள், நாம்தான் பரீட்சை முடிந்ததும் விட்டெறிந்துவிட்டோம். ஏகதேச உருவக அணி ஞாபகம் இருக்கிறதா? தொடர்புள்ள இரண்டு பொருளில் ஒன்றை மட்டும் உருவகம் ஆக்கிவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவிடுவது. 'கல்வி என்னும் விளக்கை ஏற்றி அறியாமையை விரட்டினார்' என்றால், கல்வி விளக்கு ஆகிவிட்டது, அறியாமை இருள் ஆகவில்லை. அந்த 'இருள்' என்ற வேலையைப் படிப்பவர் செய்துகொள்ள வேண்டும். பிசினஸ் ஆங்கிலம் கிட்டத்தட்ட முழுக்க ஏகதேச உருவகம்தான். ஒன்றைச் சொல்லும், மற்றதைச் சொல்லாமல் விடும். ஒரு வித்தியாசம், கவிஞர் விட்டால் அழகுக்காக விடுவார். கம்பெனி எதற்காக விடும்?

இப்போது ஹேர்கட்டுக்கு வருவோம்.

முதலில் நேர்மையான ஹேர்கட். ஒருவர் 100 ரூபாய் மதிப்புள்ள கடன் பத்திரத்தை அடமானம் வைத்துக் கடன் கேட்கிறார். நாளைக்கே பத்திரத்தின் விலை இறங்கலாம் என்பதால் கடன் கொடுப்பவர் 95 ரூபாய்தான் தருகிறார். அந்த 5 ரூபாய் ஹேர்கட். முன்னெச்சரிக்கையாகக் கொஞ்சம் ட்ரிம் பண்ணிக்கொள்வது. இங்கே படம் பொருந்துகிறது. வெட்டியது கொஞ்சம், வலி இல்லை, திரும்ப வளரும்.

பிறகு இந்தச் சொல் இடம் மாறியது. கடன் வாங்கியவரால் திருப்பித் தர முடியாதபோது கொடுத்தவர் எவ்வளவை இழக்கிறாரோ அதற்கும் ஹேர்கட் என்றார்கள். 2012-இல் கிரேக்க நாட்டு அரசுப் பத்திரம் வைத்திருந்த தனியாருக்கு முகமதிப்பில் 53.5% போனது, ஹேர்கட். 2013-இல் சைப்ரஸில், பேங்க் ஆஃப் சைப்ரஸில் பணம் போட்டிருந்தவர்களுக்கு 1 லட்சம் யூரோவுக்கு மேலிருந்த தொகையில் 47.5% பறிபோய் அதற்குப் பதிலாக வங்கியின் பங்கு கையில் திணிக்கப்பட்டது, அதுவும் ஹேர்கட். பாதித் தலையைக் காணோம். ஆனால் சொல் மட்டும் 'கொஞ்சம் சைடுல எடுங்க' என்கிற அதே சொல்!

நம் நாட்டுக்கு வருவோம். திவால் சட்டம் 2016-இல் வந்த பிறகு ஹேர்கட் என்ற சொல் காமர்ஸ் மாணவர்களின் அன்றாடச் சொல் ஆகிவிட்டது. 2021 ஜூனில் வீடியோகான் குழும வழக்கில் மும்பை தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஒரு உத்தரவு போட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்ட கடன் சுமார் 64,838 கோடி. வாங்க வந்தவர் கொடுக்க முன்வந்தது சுமார் 2,962 கோடி. எல்லோருக்கும் சேர்த்து 95.85% ஹேர்கட் என்று தீர்ப்பாயமே கணக்கு எழுதியது. அதிலும் சரக்கும் சேவையும் சப்ளை செய்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு 99.28%. அதாவது 100 ரூபாய்க்குப் பொருள் கொடுத்தவருக்கு 72 காசு.

அந்த உத்தரவில்தான் ஒரு அற்புதமான இடம் வருகிறது. இந்த எண்ணை எழுதிய கையோடு தீர்ப்பாயம், இது ஹேர்கட்டா, டான்ஷரா, முழுச் சவரமா என்ற ரீதியில் ஒரு வார்த்தை சேர்த்தது. டான்ஷர் என்றால் மொட்டை. சபாஷ்! வகுப்பில் 'அடுத்தது' என்று சொல்லி அடக்கப்படும் கேள்வியை ஒரு தீர்ப்பாயமே உத்தரவில் கேட்டுவிட்டது. ஹேர்கட்டை மீனிங்காகப் பார்த்திருந்தால் 95.85% ஹேர்கட் என்ற வாக்கியத்தில் எந்தத் தவறும் தெரியாது. படமாகப் பார்த்ததால்தான், முடி மிச்சமில்லாத தலைக்கு ஹேர்கட் என்று சொல்வது எவ்வளவு பெரிய பித்தலாட்டம் என்று தெரிந்தது. (அப்படிக் கேட்டுவிட்டு அந்தத் திட்டத்துக்கு ஒப்புதலும் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். 2022 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து திரும்ப அனுப்பியது.) அதே 2021 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிதி நிலைக்குழுவும் சில வழக்குகளில் 95% வரை போகும் ஹேர்கட்டைப் பற்றிக் கவலைப்பட்டு அறிக்கை கொடுத்தது.

இதில் இலக்கணமும் ஒரு வேலை செய்கிறது, அதையும் கவனிக்க வேண்டும். தமிழில் 'மொட்டை அடித்துவிட்டான்' என்றால் எழுவாய் யார்? அடித்தவன். ஆங்கிலத்தில் 'பேங்க் டுக் எ ஹேர்கட்'. எழுவாய் யார்? பணத்தை இழந்த வங்கி. அதுவே கடைக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு வெட்டிக்கொண்ட மாதிரி. வெட்டியவர் வாக்கியத்திலேயே இல்லை. ஏகதேசம் என்றால் இதுதான். முடி சொல்லப்பட்டது, பார்பர் சொல்லப்படவில்லை. ஆங்கிலத்தில் மோசடிக்காரனைக் காட்டும் சொல்லே இல்லையா என்றால், ஜோராக இருக்கிறது. ஆட்டின் ரோமத்தை மழிப்பது போல் மழித்தான் என்று 'ஃப்ளீஸ்' என்பார்கள். அதில் மழித்தவனும் உண்டு, ஆடும் உண்டு. தெருவில் 500 ரூபாயை ஏமாற்றினால் ஃப்ளீஸ், அறுபதாயிரம் கோடி கோர்ட் வழியாகப் போனால் ஹேர்கட். இரண்டும் முடி சம்பந்தப்பட்டதுதான், மரியாதை மட்டும் வேறு!

ஒரு பி.காம். மாணவர் நாளைக்கு வங்கியில் சேரலாம், ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் போகலாம், அல்லது அப்பாவின் சின்னப் பட்டறையைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பட்டறை ஒரு பெரிய கம்பெனிக்குப் பாகம் சப்ளை செய்து, அந்தக் கம்பெனி திவால் ஆனால், வரப்போகும் கடிதத்தில் 'மொட்டை' என்று எழுதியிருக்காது. அந்த நாளில் ரெண்டு மார்க் மீனிங் எதற்கு உதவும்?

சரி, எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது: "படத்தைப் பார்த்து அர்த்தம் ஊகிக்கப் போனால் தப்புத் தப்பாகத்தான் வரும். கிரீன்ஷூ ஆப்ஷன் என்றால் பச்சைச் செருப்பு என்று எழுதுவான்."

நல்ல வாதம், ஒத்துக்கொள்ளலாம். புதுப் பங்கு வெளியீட்டில் தேவை அதிகமிருந்தால் கூடுதலாக 15% வரை பங்கு ஒதுக்கும் ஏற்பாட்டுக்கு கிரீன்ஷூ என்று பெயர். அதில் செருப்பும் இல்லை, பச்சையும் இல்லை. 1960களில் இந்த ஏற்பாட்டை முதலில் பயன்படுத்திய அமெரிக்கக் காலணி கம்பெனியின் பெயர் கிரீன் ஷூ, அவ்வளவுதான். உருவகமே இல்லாத இடத்தில் உருவகம் தேடினால் தலைவலிதான் மிச்சம். எவர்கிரீனிங் இன்னும் மோசம். எவர்கிரீன் என்றால் தமிழ்க் காதுக்கு எவர்கிரீன் பாட்டு, எவர்கிரீன் ஹீரோ, எல்லாமே பாராட்டு. அந்தக் காதோடு 'எவர்கிரீனிங் ஆஃப் லோன்ஸ்' என்று படித்தால், அடடா, என்ன பசுமையான கடன் என்றுதான் தோன்றும். நிஜத்தில் அது, திரும்பி வராத பழைய கடனை அடைக்க அதே ஆளுக்குப் புதுக்கடன் கொடுத்து, கணக்கில் வாராக்கடன் என்று வராமல் பார்த்துக்கொள்ளும் தில்லாலங்கடி. ரிசர்வ் வங்கி வேப்பிலை அடித்துக்கொண்டே இருக்கும் பேய்.

ஆனால் இதற்கு மருந்து படத்தை விட்டுவிடுவதா? இன்னொரு கேள்வி கேட்பதுதான் மருந்து. பச்சை என்கிறார்களே, எந்தச் செடி காய்ந்திருக்க வேண்டும், அதை யார் பெயிண்ட் அடித்துப் பச்சை ஆக்குகிறார்கள்? இப்படிக் கேட்ட மாணவர் எவர்கிரீனிங்கை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார். தப்பாக ஊகிப்பது ஒரு படி. அந்தப் படியே வேண்டாம் என்று லிஃப்ட் கேட்டால், லிஃப்ட் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்குக் கரடிதான் சாட்சி.

கரடி, காளை தெரியாத காமர்ஸ் மாணவர் கிடையாது. காளை கொம்பால் மேலே தூக்கும், அதனால் ஏறும் சந்தை. கரடி காலால் கீழே அடிக்கும், அதனால் இறங்கும் சந்தை. கோச்சிங் சென்டரிலிருந்து யூடியூப் வரை எல்லோரும் சொல்லும் கதை. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சௌகரியம். ஆனால் பின்னால் வந்து ஒட்டவைத்த கதை. கரடி சந்தைக்குள் நுழைந்தது வேறு வழியாக. கரடியைப் பிடிக்கும் முன்பே அதன் தோலை விற்றுவிடாதே என்று ஒரு பழமொழி உண்டு. நம் ஊரில் பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைப்பது என்போமே, அந்த ரகம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில், கையில் இல்லாத பங்கை இன்றைக்கு விற்றுவிட்டு, விலை இறங்கியதும் வாங்கிக் கொடுத்து லாபம் பார்த்தவர்களைக் கரடித்தோல் வியாபாரி என்றார்கள். நாளடைவில் தோல் போய்க் கரடி நின்றது. சௌத் ஸீ பங்குகள் 1720-இல் ஏறி விழுந்த காலத்தில் இதெல்லாம் லண்டன் சந்தையில் புழங்கிய பேச்சு.

இப்போது பாருங்கள். கரடியின் உண்மைக் கதை தெரிந்தால் ஷார்ட் செல்லிங் என்ற முழுப் பாடமும் அதற்குள் இருக்கிறது. தன்னிடம் இல்லாததை விற்கிறான், விலை விழ வேண்டும் என்று பிரார்த்திக்கிறான், விழாவிட்டால் அவன் கதி அதோகதி. 'காலால் அடிக்கும்' கதை தெரிந்தால் அம்புக்குறி கீழே போகும் என்பது மட்டும் தெரியும். சௌகரியமான மீனிங், உள்ளே இருந்த பாடத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. தமிழில் இல்லாததைச் சொல்பவனைக் கரடி விடுகிறான் என்கிறோம். அந்தக் கரடிக்கும் இந்தக் கரடிக்கும் சொந்தம் கிடையாது, ஆனாலும் என்ன பொருத்தம்!

இன்னொரு ஆட்சேபம்: "நேட்டிவ் ஸ்பீக்கர் இப்படியெல்லாம் நின்று யோசிப்பதில்லையே? இன்டர்வியூவில் மடமடவென்று பேச வேண்டாமா?" பேச வேண்டும்தான். அர்த்தம் தெரிந்து பேசுவதற்கும் படம் தெரிந்து கேட்பதற்கும் என்ன சண்டை? அடமானத்துக்கு ஆங்கிலத்தில் மார்ட்கேஜ் என்கிறார்களே, அதன் முன்பாதி பழைய பிரெஞ்சில் 'செத்த' என்று பொருள்படும் சொல். செத்த பிணை! லண்டனில் வீட்டுக்கடன் வாங்குகிறவர் இதை நினைத்துக்கொண்டா கையெழுத்துப் போடுகிறார்? யோசிக்காமல் பேசுவது நேட்டிவ் ஸ்பீக்கருக்குப் பழக்கத்தால் வந்தது. அந்தப் பழக்கத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும் என்று எந்தச் சிலபஸில் இருக்கிறது?

யோசிக்காமல் ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹேர்கட்டைவிடக் கனமான ஒரு சொல் இருக்கிறது.

2008 அக்டோபர் 23. அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு ஆலன் கிரீன்ஸ்பான் உட்கார்ந்திருக்கிறார். 1987 முதல் 2006 வரை அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர். வீட்டுக்கடன் சந்தை சரிந்து, லேமன் பிரதர்ஸ் செப்டம்பரில் மூழ்கி, உலகமே ஆடிக்கொண்டிருந்த நேரம். நடந்ததை அவர் நூறாண்டுக்கு ஒருமுறை வரும் 'கிரெடிட் சுனாமி' என்று வர்ணித்தார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன, உலகம் முழுக்கப் போனது. பட்டியல் முறைப்படி மீனிங் எழுதினால்: பெரிய கடன் நெருக்கடி. அடுத்தது.

நாகப்பட்டினத்திலோ வேளாங்கண்ணியிலோ கடலூரிலோ வளர்ந்த ஒரு மாணவரால் அப்படி 'அடுத்தது' என்று போய்விட முடியுமா? 2004 டிசம்பர் 26 காலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அந்தச் சொல் அதற்கு முன்பு தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியவே தெரியாது. அதற்குப் பிறகு யாரும் அதை அகராதியில் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த அலையைப் பற்றி அங்கே எல்லோருக்கும் ஒன்று தெரியும். அதை யாரும் அனுப்பவில்லை. கடலுக்கடியில் தட்டு நகர்ந்தது. கையெழுத்துப் போட்டவர் இல்லை, கமிஷன் வாங்கியவர் இல்லை.

வீட்டுக்கடன் அப்படியா? வருமானம் இல்லை, வேலை இல்லை, சொத்து இல்லை என்று தெரிந்தே கடன் கொடுத்தார்கள். அதற்கு நின்ஜா லோன் என்று செல்லப் பெயர் வேறு. அந்தக் கடன்களை மூட்டை கட்டிப் பத்திரமாக்கி விற்றார்கள். அதில் பலவற்றுக்கு ரேட்டிங் கம்பெனிகள் ட்ரிபிள் ஏ முத்திரை குத்தின. ஒவ்வொரு காகிதத்திலும் கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது, ஃபீஸ் இருந்தது. சுனாமி என்ற ஒரே சொல்லில் இத்தனை பேரும் கரையில் நின்று வேடிக்கை பார்த்த அப்பாவிகள் ஆகிவிட்டார்கள். அலையைத் தடுக்கும் பொறுப்பில் பதினெட்டு ஆண்டு இருந்தவரே அந்தச் சொல்லைச் சொன்னார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். (நியாயமாகச் சொல்வதானால், அதே நாளில் தன் நம்பிக்கையில் ஒரு ஓட்டை இருந்ததாக அவர் ஒத்துக்கொண்டார். ஓட்டையை விட சுனாமிதான் தலைப்புச் செய்திக்கு வசதி.)

இந்த ஓட்டையை வால் ஸ்ட்ரீட் ஆங்கிலத்தில் ஊறியவர் கண்டுபிடிப்பதைவிட நாகைக்காரர் சீக்கிரம் கண்டுபிடிப்பார். அவருக்கு ஆங்கிலம் போதாது என்பதால் அல்ல, சுனாமி போதுமான அளவு தெரியும் என்பதால்.

கல்லூரி முடிக்கப் போகிறவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் சொல் ஒன்று வேண்டுமானால், பெஞ்ச். ஐ.டி. கம்பெனியில் பிராஜெக்ட் இல்லாமல் இருந்தால் பெஞ்சில் இருக்கிறான் என்பார்கள். தமிழ்க் காதுக்குப் பெஞ்ச் என்றால் கடைசி பெஞ்ச். ஜாலி, அரட்டை, சார் கண்ணில் படாத இடம். சம்பளமும் கொடுத்து உட்காரவும் வைக்கிறார்களே என்று பல ஃப்ரெஷர்கள் நினைத்தது உண்டு. படம் பள்ளிக்கூட பெஞ்ச் அல்ல, மைதானத்தில் மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்ச். சரி, மைதானம் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே பெஞ்சில் இருப்பவனை உள்ளே கூப்பிடுவது யார் வேலை? கேப்டன் வேலை, கோச் வேலை. 2025 ஜூனில் டி.சி.எஸ். கொண்டுவந்த விதியைப் பாருங்கள். ஊழியர் ஆண்டுக்கு 225 நாளாவது வாடிக்கையாளருக்குப் பில் போடக் கூடிய வேலையில் இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாளைத் தாண்டக் கூடாது. பிராஜெக்ட்டைத் தேடிப் பிடிப்பதில் ஊழியருக்கும் பொறுப்பு. எந்த மைதானத்தில் சப்ஸ்டிட்யூட் பிளேயர் தானே போய் மேட்ச் தேடிப் பிடிக்கிறான்? விளையாட்டு உருவகத்தில் ஆட்டக்காரனை மட்டும் வைத்துக்கொண்டு கேப்டனை உருவிவிட்டார்கள். மறுபடியும் ஏகதேசம்.

வேலையை விட்டு அனுப்பும்போதும் ஒரு படம் ரெடியாக இருக்கிறது, கோல்டன் ஹேண்ட்ஷேக். 2000-01-இல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது இந்தச் சொல் பத்திரிகைகளில் சக்கைப்போடு போட்டது. கை குலுக்க இரண்டு கை வேண்டும், இரண்டும் சம உயரத்தில் இருக்க வேண்டும். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லிலிருந்து ஒரே நாளில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். அதில் கை குலுக்கல் எத்தனை, கை கழுவல் எத்தனை என்று போனவர்களைக் கேட்டால்தான் தெரியும். தமிழில் இரண்டுக்கும் கைதான், பிறகு ஈரம் இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

ஆங்கிலப் பாடத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். நாற்பது இடியம் நடத்தும் வகுப்பில் நாலு நடத்தினால் நேரம் கிடைக்கும். ஹேர்கட்டுக்குக் கீழே மீனிங் எழுதச் சொல்லாமல், படத்தில் இருப்பவர்கள் யார், இல்லாதவர்கள் யார் என்று இரண்டு வரி எழுதச் சொல்லலாம். தமிழ் வாத்தியாரையும் ஒரு பீரியட் கூப்பிட்டு உட்கார வைக்கலாம், அணி இலக்கணத்துக்கு இப்படி ஒரு வேலை இருப்பது தெரிந்தால் மனுஷன் சந்தோஷப்படுவார். "சார், எதுக்கு சார் பூனை? யார் சார் அதைத் தூக்கிப் போட்டது?" என்று அடுத்த முறை யாராவது கேட்டால், சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பூனையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் இன்னும் பிடிபடவில்லை.